ஒரு பருவம் முழுக்க டைம்டேபிள்: போட்டதும் நடந்ததும்

படிப்புக்கு டைம்டேபிள் போட்ட முதல் மூன்று நாள் ஒழுங்காக ஓடும். நான்காம் நாள் ஒரு வேளை தவறும். அதைத் தூக்கி மறுநாள் தலையில் வைப்பார்கள். அங்கே ஏற்கெனவே ஆறு மணி நேரம் இருக்கிறது, இப்போது எட்டு. எட்டும் நடக்காது. இரண்டாவது வாரம் முடிவதற்குள் தாள் சுவரில் சும்மா தொங்கும். அப்புறம் புதுத் தாள், புது வண்ணப் பேனா, அதே ஆறு மணி நேரம்.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை, போட்ட கணக்கே தப்பு. 1994இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள். முடித்தவர்களுக்கு ஆனதோ சராசரியாக 55 நாளுக்கு மேல்.

பருவம் முழுக்கத் தாக்குப்பிடிப்பது இரண்டு பத்தித் தாள். இடப்பக்கம் போட்டது, வலப்பக்கம் நடந்தது. முதல் வாரம் இடப்பக்கத்தைக் காலியாக விட்டு, படித்ததை மட்டும் குறியுங்கள். ஆறு மணி நேரம் படிப்பதாக நம்பியவருக்கு இரண்டரைதான் தேறலாம். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் திட்டத்தை அந்த இரண்டரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாரத்துக்கு அரை மணி கூட்டினால் போதும்.

'இயற்பியல் 2 மணி நேரம்' என்று எழுதாதீர்கள். 'மின்னோட்டம், கணக்கு 1 முதல் 12' என்று எழுதுங்கள். ஒரு மணி நேரம் போட்டு 1 மணி 50 நிமிடம் ஆனதா? அடுத்த 12 கணக்குக்கும் 1 மணி 50 நிமிடமே போடுங்கள். வாரத்தில் ஒரு வேளையைக் காலியாக வையுங்கள், தவறியதெல்லாம் அங்கே போகட்டும். அங்கும் அடங்காததை அடித்துவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது வலப்பக்கத்தில்தான். ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் '9 முதல் 11' என்று முழுசாக வரும். உண்மையில் 9.10 முதல் 9.40, நடுவில் போன், பிறகு 10.05 முதல் 10.50. ஆகவே உட்காரும்போதும் எழும்போதும் உடனே குறிக்க வேண்டும்.

'பாடம் 4 வாசி' என்பதும் ஏமாற்றும். டிக் அடித்துவிடலாம், மண்டையில் நிற்காது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் சோதித்தபோது, ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில், பாடத்தைத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எனவே 'பாடம் 4, புத்தகத்தை மூடி எழுது' என்று போடுங்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் பழைய வலப்பக்கங்களைப் புரட்டினால், எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பது அங்கேயே இருக்கும்.