பெட்டியில் இருந்தது ஒன்று, லேப்டாப்பில் ஏறியது வேறொன்று

சென்னை ரிச்சி தெருவுக்கு லேப்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. அந்தத் தெருவில் நியாயமாக வியாபாரம் செய்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், பல வருடமாக அங்கேதான் வாங்குகிறேன்.

என்னுடையது 14 அங்குல லேப்டாப். கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன், உள்ளே இருந்த 256 ஜிபி போதவில்லை. காலியாக ஒரு குட்டி ஸ்லாட் இருந்தது. 2242 அளவு, அதாவது 22 மிமீ அகலம், 42 மிமீ நீளம். வழக்கமான 80 மிமீ எஸ்எஸ்டி அதில் உட்காராது. இந்த அளவு எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. ஐந்தாவது கடையில்தான் கிடைத்தது. 512 ஜிபி, என்விஎம்இ (எஸ்எஸ்டியில் வேகமான வகை), 4,800 ரூபாய்.

சீல் உடையாத பெட்டியை என் கண் முன்னால்தான் பிரித்தார்கள். பெட்டியில் இருந்த சீரியல் எண்ணை மொபைலில் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்தேன், வாரண்டி சரியாகக் காட்டியது. "கவுண்டர்ல இடமில்ல தம்பி, மாடில டெக்னீஷியன் இருக்கான், பத்தே நிமிஷம்" என்று லேப்டாப்பையும் எஸ்எஸ்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கீழேயே நின்றேன். அரை மணி நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் 476 ஜிபி காட்டியது. விண்டோஸ் 512 ஜிபியை அப்படித்தான் காட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அன்று இரவு ஒரு கல்யாண ஃபோல்டரை மாற்றும்போது பாதியிலேயே நொண்ட ஆரம்பித்தது. சந்தேகம் வந்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை இறக்கினேன். எஸ்எஸ்டியின் நிலையைக் காட்டும் இலவச மென்பொருள்தான். திறந்ததும் வயிறு எரிந்தது. பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது எஸ்எஸ்டி இதுவரை ஓடிய மணிநேரம், 14,212. ஒன்றரை வருடத்துக்கும் மேல் இரவு பகலாக ஓடிய கணக்கு அது. ஹெல்த் 71 சதவீதம். ட்ரான்ஸ்ஃபர் மோடு என்ற இடத்தில் சாட்டா/600, அதாவது நான் வாங்கிய என்விஎம்இ இல்லை, அதைவிட மெதுவான சாட்டா வகை. சீரியல் எண் பெட்டியில் இருந்த எண்ணே இல்லை.

அடிமூடியைக் கழற்றினேன். மூன்று ஸ்க்ரூ இல்லை, ஒரு கிளிப் உடைந்திருந்தது. எஸ்எஸ்டியின் பித்தளை நிற விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருந்தன. எம்.2 என்ற இந்தக் குட்டி அட்டை வடிவத்தில் சாட்டாவுக்குப் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்விஎம்இ-க்குப் பெரும்பாலும் ஒன்று. ஸ்டிக்கரின் ஓரத்தில் பழைய பசை கறுத்துப்போய் ஒட்டியிருந்தது. சாட்டாவின் வேகம் எப்படிப் பார்த்தாலும் விநாடிக்கு 550 எம்பி பக்கம்தான், நான் காசு கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு வேகமான பொருளுக்கு. என் லேப்டாப்பின் ஸ்லாட் இரண்டு வகையையும் ஏற்கும். அதனால்தான் மாற்றி மாட்டியது உடனே தெரியவில்லை. என்விஎம்இ மட்டும் ஏற்கும் லேப்டாப்பாக இருந்தால் கடையிலேயே குட்டு உடைந்திருக்கும்.

மறுநாள் போய்க் கேட்டேன். "நீங்களே கழட்டிட்டு வந்து எங்கள சொன்னா எப்படி?" என்றார்கள். பில்லை நீட்டினேன். அப்போதுதான் அதையே ஒழுங்காகப் பார்த்தேன். துண்டுச் சீட்டில் 'எஸ்எஸ்டி 1 – 4,800' என்று மட்டும் எழுதியிருந்தது. ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை.

தயவுசெய்து உங்கள் கண்ணை விட்டு லேப்டாப்பை நகர விடாதீர்கள். மாடிக்குத்தான் போக வேண்டும் என்றால் நீங்களும் கூடவே ஏறுங்கள், விடவில்லையென்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள். காசு கொடுப்பதற்கு முன் எஸ்எஸ்டியின் மேல் இருக்கும் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து, அதே எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் அங்கேயே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து பாருங்கள். புதிய எஸ்எஸ்டி என்றால் மணிக்கணக்கு பூஜ்யம் அல்லது அதற்கு ஒட்டியே இருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். கையில் இருக்கும் ஆதாரம் யுபிஐ ரசீது, அந்தக் காலிப் பெட்டி, ஸ்கிரீன்ஷாட். பதில் வந்ததும் எழுதுகிறேன்.