பழைய மோடமும் இணையத் தொலைபேசியும்: எந்த வழி எங்கே தாங்கும்?

செம்புக் கம்பி போய் அதன் இடத்தில் ஏடிஏ பெட்டி (பழைய தொலைபேசிக் கருவியை இணையத் தொலைபேசியோடு சேர்க்கும் அடாப்டர்) வந்ததும் மோடம் இணைய மறுத்தால், பலரும் முதலில் இணைய வேகத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். சிக்கல் அங்கே இல்லை. ஒலியை எண்களாக்கும் ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு நொடிக்கு 64 கிலோபிட். 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்று வைத்து, ஈதர்நெட் வரையுள்ள தலைப்புகளைக் கூட்டினாலும் ஒரு திசைக்கு 87 கிலோபிட்தான். மோடத்தைக் கவிழ்ப்பது கடிகாரம்.

பழைய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் ஒன்றோடொன்று கடிகாரம் ஒத்து ஓடின. இரண்டு ஏடிஏ பெட்டிகளுக்கு அப்படி ஒரு பொதுக் கடிகாரம் கிடையாது. ஒவ்வொன்றும் தன் கடிகாரப் படிகத்தை நம்பி நொடிக்கு 8000 மாதிரி எடுக்கிறது. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் நொடிக்கு 0.4 மாதிரி மிஞ்சும், அல்லது குறையும். 400 நொடியில், அதாவது 6 நிமிடம் 40 நொடியில், 160 மாதிரி சேர்ந்துவிடும். அது ஒரு முழு பாக்கெட். பாக்கெட்டுகளைச் சிறிது நேரம் தேக்கிச் சீராக வெளிவிடும் ஜிட்டர் பஃபர் அதை வீசி எறியும், அல்லது இல்லாத ஒலியை இட்டு நிரப்பும். பேசுபவர் காதில் அது விழாது. மோடத்துக்கோ அலையின் கட்டம் (ஃபேஸ்) திடீரெனத் தாவிவிடும். வேகமான மோடம் உடனே ரீட்ரெயினுக்கு (இணைப்பை மீண்டும் சரிசெய்துகொள்ளும் பயிற்சிக்கு) போகும், இல்லையேல் இணைப்பை அறுக்கும். கீழே உள்ள வழிகளை எடைபோட நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்: இந்தத் தாவலை அந்த வழி தவிர்க்கிறதா, தாங்குகிறதா, கண்டுகொள்ளவே இல்லையா?

ஜி.711இல் ஒலியாகவே கடத்துவது

மறுமுனை உங்கள் கையில் இல்லாதபோது பெரும்பாலும் இது ஒன்றே வழி. இது தாவலைத் தவிர்க்காது. ஆகவே, தாங்கக்கூடிய வேகத்துக்கு மோடத்தை இறக்குவதுதான் வேலை.

56 கே கனவை முதலில் விட்டுவிட வேண்டும். 56 கே மோடத் தரமான வி.90க்கு ஒரு முனை நேரடி டிஜிட்டல் இணைப்பில் இருந்தாக வேண்டும். ஏடிஏ பெட்டிகளுக்கு நடுவே உச்சம் வி.34இன் 33.6 கிலோபிட், அதுவும் நெடுநேரம் நிற்பது அரிது. வி.32, வி.34 இரண்டிலும் இரு திசைகளும் ஒரே அலைவரிசைப் பட்டையில் ஓடுகின்றன. தன் குரலின் எதிரொலியை மோடம் தானே கழித்துக்கொள்ள வேண்டும் என்பதால், தாமதம் கூடினாலும் மாறினாலும் அதற்குத் தடுமாற்றம். நொடிக்கு 2400 பிட் அனுப்பும் வி.22பிஸ் வேறு மாதிரி: அழைப்பவர் 1200 ஹெர்ட்ஸ், பதிலளிப்பவர் 2400 ஹெர்ட்ஸ். பாதை பிரிந்திருப்பதால் எதிரொலித் தொல்லை குறைவு. 20 மில்லிவினாடி காணாமல் போனால் அதற்கு இழப்பு 12 குறியீடுகள், வி.34இல் 3200 பாட் (நொடிக்கு 3200 குறியீடு) என்றால் 64. சிறு அளவுகளைப் படித்தனுப்பும் கருவிக்கு 2400 போதும் என்றால் அதிலேயே பூட்டிவிடுங்கள். 9600 கட்டாயம் என்றால் வி.32. யுஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடங்களில் &என்3 என்பது 2400, &என்6 என்பது 9600; வேறு பல மோடங்களில் +எம்எஸ் கட்டளை இதைச் செய்யும். கேரியர் (மறுமுனை மோடத்தின் அலை) மறைந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைப் பத்தில் ஒரு நொடிக் கணக்கில் வைத்திருக்கும் எஸ்10 பதிவேடு பல மோடங்களில் 14, அதாவது 1.4 நொடி. அதை 100 ஆக்கினால், கேரியர் 10 நொடி மறைந்தாலும் மோடம் பொறுத்திருக்கும். டயல் டோனை அடையாளம் காணவில்லை என்றால் எக்ஸ்3 கட்டளை. வி.42 பிழைதிருத்தம் இயங்கட்டும்.

ஏடிஏ பக்கம் செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். ஜி.711 தவிர மற்ற கோடெக்குகளை நீக்குங்கள், ஒலியைச் சுருக்கும் ஜி.729 ஒன்று உள்ளே நுழைந்தாலே அழைப்பு வீண். ஜி.711இன் இரு வடிவங்களில் ஒன்றையே வையுங்கள்: இரு முனையிலும் ஏ-லா அல்லது இரு முனையிலும் மியூ-லா; நடுவில் மாற்றினால் இரைச்சல் கூடும். மௌன நீக்கம், கால் வெயிட்டிங் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். ஏடிஏயின் எக்கோ கேன்சலரையும் (எதிரொலி நீக்கியையும்) அணையுங்கள்: பதிலளிக்கும் மோடத்தின் 2100 ஹெர்ட்ஸ் தொனி 450 மில்லிவினாடிக்கு ஒருமுறை கட்டம் புரள்வதைக் கேட்டு அது தானாக ஒதுங்க வேண்டும்தான், ஆனால் எல்லாப் பெட்டியும் ஒழுங்காக ஒதுங்குவதில்லை. ஜிட்டர் பஃபர் நிலையானதாக, 100 மில்லிவினாடி அளவில் இருக்கட்டும். தானாக நீண்டு சுருங்கும் பஃபர் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒரு தாவலை உண்டாக்கும்.

இணையம் வழியே ஃபேக்ஸ் அனுப்பும் தரமான டி.38ஐ நம்பி வருபவர்கள் நிறைய. அது ஃபேக்ஸுக்கு மட்டுமே. தரவு மோடத்துக்கு உதவாததோடு, 2100 ஹெர்ட்ஸைக் கேட்டதும் ஃபேக்ஸ் என்று நினைத்து டி.38க்கு மாறும் கேட்வேகள் (தொலைபேசிக் கம்பியையும் இணையத்தையும் இணைக்கும் கருவிகள்) அழைப்பையே கெடுக்கும். அணைத்து வையுங்கள்.

அழைப்பு அறுந்தால் எத்தனை நேரத்தில் அறுந்தது என்று பாருங்கள். சரியாக 32 நொடியில் என்றால் அழைப்பை அமைக்கும் சிப் சிக்னலிங்கில் ஏசிகே (உறுதிப்படுத்தும்) செய்தி திரும்பி வரவில்லை; ரூட்டரின் நாட் (முகவரி மாற்று) அமைப்பைச் சோதியுங்கள். 15 அல்லது 30 நிமிடத்தில் என்றால் அழைப்பு உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கும் சிப் செஷன் டைமர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் என்றால் மேலே சொன்ன படிக வித்தியாசம். அதற்கு வேகத்தைக் குறைப்பது தவிர மருந்தில்லை.

வி.150.1 மோடம் ரிலே

2003இல் வந்த இந்தத் தரம் ஒலியைக் கடத்துவதே இல்லை. கேட்வே மோடம் போல நடித்து, பக்கத்து மோடத்தோடு கைகுலுக்கி, பிட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து மறுமுனை கேட்வேக்கு அனுப்புகிறது. அங்கே அவை மீண்டும் ஒலியாகின்றன. கடிகாரத் தாவல் பொருட்டே இல்லாமல் போகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுதான் நேர்த்தியான விடை. ஆனால் இரு முனை கேட்வேகளும் இதைப் பேச வேண்டும். வீட்டு ஏடிஏக்களில் இதை எதிர்பார்க்க வேண்டாம். கேட்வேயின் விவரத்தாளில் ‘மோடம் பாஸ்த்ரூ’ என்று மட்டும் இருந்தால் அது முதல் வழிதான், ரிலே அல்ல. இந்தக் குழப்பத்தில் தவறான கருவி வாங்குவது எளிது.

மோடத்தையே எடுத்துவிடுவது

இரு முனையும் உங்களுடையது, கருவியின் சீரியல் போர்ட் வெளியே இருக்கிறது என்றால் வேறெதையும் யோசிக்காதீர்கள். சீரியல் போர்ட்டை வலையில் இணைக்கும் டிவைஸ் சர்வர் பெட்டி ஒன்றை வைத்து, தரவை டிசிபி வழியே அனுப்புங்கள். பழைய மென்பொருள் மோடத்துக்கான ஏடி கட்டளைகளை எதிர்பார்த்தால், மோடம் போல நடிக்கும் வசதியுள்ள சர்வரைப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் ஐபி முகவரியை டயல் செய்யலாம். கணினியில் டிசிபிசெர் என்ற நிரலும் இதைச் செய்யும்.

சறுக்கும் இடங்கள் மூன்று. சீரியல் இணைப்பில் மோடம் டிசிஇ வகை, டிவைஸ் சர்வர்கள் பெரும்பாலும் கணினியைப் போல டிடிஇ வகை. ஆகவே மோடத்தின் நேர்கேபிள் இங்கே உதவாது, நல்-மோடம் கேபிள் வேண்டும். இரண்டாவது, கேரியர் இருப்பதைச் சொல்லும் டிசிடி கம்பி: அழைப்பு இணைந்ததை அதில் பார்க்கும் மென்பொருள், கம்பி இல்லையென்றால் காத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது, தொழிற்சாலைக் கருவிகளின் மோட்பஸ் ஆர்டியூ போன்ற நெறிமுறைகள் மௌன இடைவெளியை வைத்துச் செய்தியின் முடிவை அறிகின்றன. 9600இல் அது 3.5 எழுத்து, சுமார் 4 மில்லிவினாடி. ஒரு செய்தி இரண்டு பாக்கெட்டாகப் பிளந்தால் கருவி அதை நிராகரிக்கும். சர்வரின் பாக்கெட் சேர்ப்பு நேரத்தை இதற்கேற்ப வைக்க வேண்டும். குறியாக்கம் இல்லாத டெல்நெட் இணைப்பைத் திறந்த இணையத்தில் விடக்கூடாது, விபிஎன்னுக்குள் வையுங்கள்.

மோடம் கருவிக்குள்ளேயே பொதிந்திருந்தால்

சீரியல் போர்ட் வெளியே வராத கருவிகளுக்கு இன்னொரு வழி உண்டு, பலரும் இதை யோசிப்பதில்லை. கருவியின் தொலைபேசிக் கம்பியை ஒரு லைன் சிமுலேட்டரிலோ (தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் போல நடிக்கும் பெட்டி) சிறு அனலாக் பிபிஎக்ஸின் (அலுவலக எக்ஸ்சேஞ்ச்) உள்ளிணைப்பிலோ செருகுங்கள். அடுத்த உள்ளிணைப்பில் சாதாரண வெளிமோடம், அதன் பின்னால் டிவைஸ் சர்வர். ஒலி ஒரு மீட்டர் கம்பியோடு முடிந்துவிடுகிறது. இணையத்தில் செல்வது பிட்டுகள் மட்டுமே. விலை உயர்ந்த கேட்வே இல்லாமலேயே மோடம் ரிலேயின் பலன். இரண்டு மோடங்களையும் வெறும் கம்பியால் இணைத்தால் போதாதா என்றால், மின்னோட்டமும் மணி மின்சாரமும் இல்லாமல் தானியங்கிப் பதில் வேலை செய்யாது.

மைய மென்பொருள் கருவியை அழைக்கும் அமைப்பில் மாற்ற வேண்டியது டயல் எண் மட்டுமே. சீரியல் கட்டுப்பாட்டை வலையில் கடத்தும் ஆர்எஃப்சி 2217 தரத்தை ஆதரிக்கும் மெய்நிகர் காம் போர்ட் இருந்தால் டிடிஆர் (கணினி தயார்), டிசிடி சமிக்ஞைகளும் கடந்து வரும். கருவியே வெளியே அழைப்பதானால், அது எந்த எண்ணைச் சுழற்றினாலும் வெளிமோடத்துக்கே மணி அடிக்கும்படி பிபிஎக்ஸை அமைத்து, முதல் மணியிலேயே பதிலளிக்க வெளிமோடத்தில் எஸ்0 பதிவேட்டை 1 ஆக்குங்கள்.