சவரக்கத்தியும் பட்டைத்தோல் வாரும்: பாளையங்கோட்டைக் காற்றில் என் அனுபவம்

சவரக்கத்தி வாங்க நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் கத்தியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஜெர்மனியின் சோலிங்கன் நல்லதா, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நல்லதா, கைப்பிடி கொம்பில் இருக்க வேண்டுமா, மரத்திலா என்று பேச்சு நீளும். கத்தியை அன்றாடம் தீட்டும் தோல்வாரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சாணைக்கல்லுக்குக் கத்தி போவது சில மாதங்களுக்கு ஒருமுறைதான். தோல்வாரோ ஒவ்வொரு சவரத்துக்கும் வேண்டும். கத்தி கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகிறதா, மயிரைப் பிடித்து இழுக்கிறதா என்பது பெரும்பாலும் அதன் கையில் இருக்கிறது.

அகலத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கத்தியின் வாய், அதாவது கூர் விளிம்பு, ஏறத்தாழ மூன்று அங்குல நீளம். வாரின் அகலமும் மூன்று அங்குலம் இருந்தால் நேராக இழுத்தாலே முழு வாயும் தோலில் படும். இரண்டு அங்குல வாரில் ஒவ்வொரு முறையும் குறுக்காக நகர்த்தித் தீட்ட வேண்டும். கை பழகியவர்களுக்கு அது பொருட்டே அல்ல. காலையில் அரைத்தூக்கத்தில் தீட்டுகிற எனக்கு மூன்று அங்குலம்தான் தோது.

யோசிக்க வேண்டியது தோலைப் பற்றி. தபாலில் வரவழைத்த முதல் வார் பார்க்கப் பளபளவென்று இருந்தது. தொட்டால் துணியாகத் துவண்டது. குரோம் உப்பில் பதனிட்ட தோல். எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் நீண்டுகொண்டே போய் நடுவில் தொய்ந்தது. தொய்ந்த தோல் கத்தியின் வாயைச் சுற்றி வளைந்து ஏறும். தீட்டத் தீட்டக் கூர் உருண்டு மழுங்கும். விற்றவரிடம் கேட்டால் “போகப் போகச் சரியாகிவிடும்” என்றார். சரியாகவில்லை, பணமும் திரும்பவில்லை.

அடுத்தது பட்டைத்தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். திண்டுக்கல் பக்கம் பெயர் பெற்றது. ஜங்ஷன் அருகே செருப்புத் தைக்கும் ஒருவரிடம் சொல்லி, நல்ல கனத்தில் மாட்டுத்தோல் வாங்கி, பின்பக்கம் பருத்திக் கித்தான் சேர்த்துத் தைத்துக்கொண்டேன். வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலம் பாய்ந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டை. மடக்கினால் விறைப்பாக எதிர்க்க வேண்டும். வெளிநாட்டுக் குதிரைத்தோல் வாரை நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, விலை வித்தியாசத்துக்கு ஈடான வித்தியாசம் என் கன்னத்துக்குத் தெரியவில்லை.

தீட்டும் முறையை வண்ணார்பேட்டையில் ஒரு பெரியவரிடம் கற்றேன். சலூன்களில் எல்லாம் மாற்று பிளேடு வந்த பிறகும் பழைய கத்தியைப் பெட்டியில் வைத்திருப்பவர். “வாரை இழுத்துப் பிடியுங்கள் அண்ணாச்சி, கத்தியை அமுக்காதீர்கள்” என்பார். கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். கோடியில் திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழக்கூடாது. அதன்மேலேயே கத்தி புரள வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் வாய் தோலில் குத்தும். கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் கழுத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து உருட்ட வேண்டும், அவ்வளவுதான். கித்தானில் இருபது முப்பது, தோலில் ஐம்பது அறுபது இழுப்பு போதும். வேகம் காட்டுவதெல்லாம் சினிமாவுக்கு.

இனி நம் ஊர் விஷயம். ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பினால் ஜன்னல் கம்பியில் தொங்கும் எதன்மீதும் மண் படியும். தோலில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், கத்தியின் வாயில் சில்லு பெயரும். அதனால் வாரைத் துணி உறைக்குள் வைக்கிறேன். எடுத்ததும் உள்ளங்கையால் மேலிருந்து கீழாக அழுத்தித் துடைக்கிறேன். தூசி போவதோடு கையின் எண்ணெய்ப் பசையும் தோலில் ஏறுகிறது. கத்திரி வெயிலில் தோல் வறண்டு சொரசொரப்பானால், மாட்டுக்கால் எண்ணெய் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். எண்ணெயில் ஊறிய தோல் கத்தியைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை தலைகீழ்: வெள்ளைப் பூசணம். உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விட்டால் போய்விடும். வெயிலில் காயப் போட்டால் தோல் வளைந்து நடுவில் குழி விழும், அதைச் சீராக்குவது பெரும்பாடு.

அந்த மாதங்களில் கித்தானின் அருமை தெரியும். சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்துவிட்டுக் கித்தானில் சில இழுப்பு இழுத்தால் வாயோரத்து ஈரம் போகிறது. கரி எஃகு துருப்பிடிக்க ஒரு மழை இரவு தாராளம். பிறகு தையல் மெஷின் எண்ணெயை மெல்லப் பூசுகிறேன். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் போகிறது.

பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையை வாரில் பூசச் சிலர் சொல்வார்கள். பூசாதீர்கள், தோலில் ஏறினால் இறங்காது. தனி மரக்கட்டையில் ஒட்டிய தோல் துண்டில் பூசி, கத்தி மயிரை இழுக்கத் தொடங்கும்போது மட்டும் பத்து இழுப்பு இழுக்கிறேன். சாணை பிடிக்கும் நாள் அதனால் தள்ளிப்போகிறது.

வாரின் தோல் இப்போது நடுவில் கறுத்து வழவழப்பாகிவிட்டது. தீட்டுவதற்கு முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. கித்தானின் ஓரத்தில்தான் நூல் பிரிகிறது. அடுத்த மழைக்கு முன்னால் அதை மட்டும் மாற்றித் தைக்க வேண்டும்.