ரோட்டோகாஸ் ஒலிகளைத் தேட வால்ஸ் அட்லஸ் போதுமா?

பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவில் சுமார் 4,000 பேர் பேசும் ரோட்டோகாஸ் மொழியின் ஒலியமைப்பைப் பார்க்க, உலக மொழிகளின் அமைப்பை வரைபடங்களில் ஒப்பிட்டுக் காட்டும் வால்ஸ் (WALS) இணைய அட்லஸ் நல்ல தொடக்கம். இலவசம். ஆனால் வரைபடப் புள்ளியைத் தட்டினால் மெய்யொலித் தொகுதி ‘சிறியது’ என்று மட்டும் வரும். அது 6 முதல் 14 வரை எதுவாகவும் இருக்கலாம். ரோட்டோகாஸுக்கு 6 மெய்கள்தான் என்பது முதல் அத்தியாய உரைக்குள் இருக்கிறது. அதைத் திறக்காமல் விடாதீர்கள்.

18ஆம் அத்தியாயம் ‘மெல்லினம் இல்லை’ என்கிறது. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். அது ரோட்டோகாஸின் மத்திய வட்டார வழக்குக்குத்தான் பொருந்தும். ஐட்டா என்ற இன்னொரு வட்டார வழக்கில் ம, ந, ங தனி ஒலியன்கள் (பொருளை வேறுபடுத்தும் ஒலிகள்), ஆக 9 மெய்கள். ஒரே புள்ளியில் இரண்டு வழக்குகளைக் காட்ட முடியாது.

எழுத்து முறைக்கும் வால்ஸ் உதவாது. மத்திய வழக்கில் 11 ஒலியன்கள், 12 எழுத்துகள். ‘ஒஸிரெயிட்டோ’ (கண்) என்ற சொல்லைப் பாருங்கள்: இகரத்துக்கு முன் வரும் ஸகரமும் ஒகரத்துக்கு முன் வரும் டகரமும் ஒரே ஒலியன்தான், எழுத்து மட்டும் இரண்டு. எழுத்தை எண்ணி மெய்க்கணக்குப் போட்டால் ஒன்று கூடிவிடும்.

ஒப்பீட்டுக்கு வால்ஸ் அருமை. ஒரு மொழியை ஆழமாகப் படிக்க, அந்த மொழியின் இலக்கணமும் அகராதியும் கூடவே வேண்டும்.