மெஷின் தாளத்துக்கு இரண்டு தீர்ப்புகள்: காட்ஃப்ளெஷும் ராம்ஸ்டைனும்

ஆடுதுறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரைஸ் மில் இருந்தது. சம்பா அறுவடை முடிந்து தை, மாசி வந்துவிட்டால் ராப்பகலாக ஓடும். பெரிய தோல் பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் உருளையைத் தொடும்போதெல்லாம் ஒரு ‘டக்’ கேட்கும். அந்த ‘டக்’கை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனவன் நான். அதனால்தானோ என்னவோ, கல்லூரி நாட்களில் இண்டஸ்ட்ரியல் மெட்டல் (கனத்த கிட்டாரோடு மெஷின் தாளம் சேர்ந்த ராக் இசை) முதன்முதலாகக் காதில் விழுந்தபோது அது வெளியூர்ச் சத்தமாகத் தெரியவில்லை.

இந்த இசைக்குள் எந்த வழியாக நுழைவது என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு ஆல்பங்களைச் சொல்வேன். ஒன்று, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த காட்ஃப்ளெஷ் 1989-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட்கிளீனர்’. மற்றது, பெர்லினைச் சேர்ந்த ராம்ஸ்டைனின் ‘முட்டர்’, 2001. இரண்டிலும் இயந்திரம்தான் அடிப்படை. ஆனால் விமர்சகர்கள் இந்த இரண்டு குழுக்களையும் அணுகிய விதம் ஒன்றல்ல. காட்ஃப்ளெஷை அவர்கள் காதால் கேட்டு எழுதினார்கள். ராம்ஸ்டைனைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்து எழுதினார்கள்.

முதலில் காட்ஃப்ளெஷ். ஜஸ்டின் பிராட்ரிக் கிட்டாரும் குரலும், ஜி. சி. கிரீன் பேஸ் கிட்டார். டிரம்மர் கிடையாது, அந்த வேலையை டிரம் மெஷின் பார்த்துக்கொள்கிறது. மெட்டல் இசையின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத் பிறந்ததும் இதே பர்மிங்ஹாமில்தான். அந்தக் குழுவின் டோனி அயோமி தகட்டுத் தொழிற்சாலை வேலையில் விரல்நுனிகளை இழந்தவர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த இசையில் ஆலை கேட்கிறது என்று விமர்சகர்கள் எழுதியதில் வியப்பில்லை. இரக்கமற்றது, குளிர்ந்தது, மனிதவாடை இல்லாதது என்ற விவரிப்புகள் பாராட்டாகவே வந்தன. ஃபியர் ஃபேக்டரி, கார்ன் போன்ற குழுக்கள் காட்ஃப்ளெஷிடம் கற்றதை வெளிப்படையாகச் சொன்ன பிறகு மதிப்பு இன்னும் ஏறியது. 2002-இல் கலைந்து 2010-இல் மறுபடி சேர்ந்தார்கள். அடுத்த வருடமே நெதர்லாந்தின் ரோட்பர்ன் விழாவில் இந்த ஆல்பத்தை முழுதாக வாசித்தார்கள். விற்பனை பெரிதாக இல்லை, ஆனால் மரியாதை குறையவே இல்லை.

ராம்ஸ்டைன் கதை தலைகீழ். 1994-இல் சேர்ந்த ஆறு பேர், எல்லாரும் பழைய கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். மேடையில் நெருப்பு, அரங்கம் நிறையக் கூட்டம். ஆனால் சொந்த நாட்டு விமர்சகர்களுக்கு நீண்ட நாள் சந்தேகம் தீரவில்லை. முதல் ஆல்பத்தின் அட்டையில் வெற்றுடம்போடு நின்ற படமே நாஜிகளின் ஆரிய உடல்வழிபாடு போல இருக்கிறது என்று கண்டிக்கப்பட்டது. 1998-இல் ஒரு பாடலின் வீடியோவுக்கு லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த பெர்லின் ஒலிம்பிக் படத்தின் காட்சிகளைப் பயன்படுத்தினார்கள். ஹிட்லர் ஆட்சியின் பிரச்சாரத்துக்குப் படமெடுத்தவர் அவர். அந்த வீடியோவுக்கு எழுந்த கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். வரலாறு தெரிந்தவர்கள் சும்மா இருந்திருக்கக் கூடாது. ‘முட்டர்’ ஆல்பத்தில் ‘லிங்க்ஸ் 2 3 4’ என்ற பாட்டு அதற்கான பதில். ‘லிங்க்ஸ்’ என்றால் இடது. ராணுவ நடையை எண்ணும் தாளத்தில், என் இதயம் இடதுபக்கம் துடிக்கிறது என்று பாடுகிறார்கள்; அதாவது, நாங்கள் நாஜிப் பக்கம் இல்லை, இடதுசாரிப் பக்கம்.

ஆனால் குரலைப் பற்றிய குற்றச்சாட்டு வேறு விஷயம். பாடகர் டில் லிண்டமான் ‘ர’கரத்தை உருட்டி உருட்டிப் பாடுவார். இன்றைய ஜெர்மானியக் காதுக்கு அது பழைய மேடைப் பேச்சை, அந்தக் காலத்துத் தலைவர்களை நினைவூட்டுகிறது. எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் நாக்கைப் புரட்டி வளர்ந்தவர்கள் நாம். எனக்கு அது பிசிறில்லாமல் உச்சரிக்கும் ஒருவரின் குரல், அவ்வளவுதான். ஒரே ஒலி ஓர் ஊரில் மிரட்டலாகவும் இன்னோர் ஊரில் நல்ல உச்சரிப்பாகவும் கேட்கும்போது, விமர்சனத்தில் எவ்வளவு இசையைப் பற்றியது, எவ்வளவு ஊரைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

எங்கள் தெருவில் தவில் வாசிக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். இரண்டையும் அவருக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். (செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், கிரீனின் பேஸ் அப்படியே காணாமல் போய்விடும்.) விரல்கூடுகளைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். ‘லிங்க்ஸ் 2 3 4’ வந்ததும் தொடையில் விரல் தானாகத் தட்டியது. “சதுஸ்ரம்தான் தம்பி. சாமி புறப்பாட்டுக்குக்கூட இந்த நடை ஒத்துவரும்” என்றார். நாலு நாலாக எண்ணும் நடைதான் சதுஸ்ரம்.

‘ஸ்ட்ரீட்கிளீனர்’ போட்டபோது விரல் அசையவில்லை. இரண்டு பாட்டு முடிந்த பிறகுதான் பேசினார். “தவில்காரன் எழுந்து போனப்புறம் ஜால்ரா மட்டும் நிக்காம போயிட்டிருந்தா எப்படி இருக்கும், அப்படி இருக்கு. அந்தப் பையன் கத்துறானே, தாளத்தைப் பிடிக்க ஓடுறான், அது காத்திருக்கல.”

இத்தனை வருடம் படித்த விமர்சனங்களில் எனக்குக் கிடைக்காதது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மனிதவாடை இல்லை என்று எழுதியவர்கள் மெஷினை மட்டும் கேட்டிருக்கிறார்கள். அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும் ஆளை மாமா கேட்டார். மில்லில் மூட்டை தூக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மில் நிற்கும் வரை அவர்களும் நிற்க முடியாது.

இசையாக மட்டும் பார்த்தால் ‘முட்டர்’ அதிகம் கைவேலை செய்த ஆல்பம். முதல் பாட்டே வயலின் கூட்டத்தோடுதான் திறக்கிறது; பாபெல்ஸ்பெர்க் திரைப்பட ஆர்கெஸ்ட்ராவை வரவழைத்திருக்கிறார்கள். மெட்டு உண்டு, கூடப் பாடும் இடம் உண்டு, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நிறம் மாறுகிறது. அவர்களுடைய சிறந்த ஆல்பம் இதுதான் என்று சொல்பவர்கள் நிறைய, நானும் அந்தக் கட்சி. ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ இது எதையும் தராது. ஒரே சாம்பல் நிறம். பாதியில் நிறுத்திவிடத் தோன்றும்.

ஆகவே நாலு பேர் சேர்ந்து காரில் போகும்போது, புதிதாகக் கேட்பவர் கூட இருக்கும்போது, ‘முட்டர்’ போடுங்கள். தயங்க வேண்டாம். ஆனால் எனக்கு ஒன்றுதான் என்றால் ‘ஸ்ட்ரீட்கிளீனர்’. தனியாக, ஹெட்போனில், முதல் பாட்டு ‘லைக் ரேட்ஸ்’ தொடங்கி நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். மாமா போன வாரம் திரும்பவும் வந்து கேட்டது அதைத்தான். இந்த முறை விரல்கூடுகளைக் கழற்றவில்லை.