உப்புக்காற்றுக்கு எந்தப் பூட்டு?

போன கார்த்திகையில் மதுரையில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்கு பாம்பன் வந்து இறங்கினோம். வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. தூங்கிப்போன சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் நிற்க, நான் கேட் பூட்டில் சாவியை விட்டேன். உள்ளே போனது, திரும்பவில்லை. பக்கத்து வீட்டு மதினியை எழுப்பித் தேங்காய் எண்ணெய் வாங்கி ஊற்றிப் பார்த்தோம். அசையவில்லை. கடைசியில் மதினி மகன் ஆக்சா பிளேடு எடுத்துவந்து முக்கால் மணி நேரம் அறுத்துத் திறந்துவிட்டான்.

அந்தப் பூட்டுக்கு வயது எட்டு மாதம். அட்டையில் ‘துருப்பிடிக்காது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடைக்காரரும் “எழுதியே தாரேன்க்கா” என்று சொல்லித்தான் கொடுத்தார். மறுநாள் அறுத்த பூட்டோடு போய் நின்றபோது, “கடக்கரை வீட்டுக்குன்னு நீங்க சொல்லலையேக்கா” என்றார். எனக்கு அதுதான் ஆறவே இல்லை. எஸ்.பி.பட்டினத்திலிருந்து மூக்கையூர் வரைக்கும் கரையோரமாகவே ஊர் ஊராக இருக்கிற மாவட்டம் இது. இங்கே பூட்டு விற்கிறவர், வாங்கவருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே ‘வீடு கடலுக்கு எவ்வளவு தூரம்’ என்பதுதானே.

பன்னிரண்டு வருஷத்தில் இந்த ஒரே கேட்டில் ஐந்து விதப் பூட்டுத் தொங்கியிருக்கிறது. அதே கொண்டி, அதே காற்று. ஆகவே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

பூட்டுகளுக்குப் போகும் முன் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வாடையில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்புத்தூவல் வந்துகொண்டேதான் இருக்கும். கடலுப்பில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது காற்றில் மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதம் இருந்தாலே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். அடுப்படியில் கல்லுப்புச் சாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மழை பெய்யாத நாளிலும் பூட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. எங்கள் ஊர் ரயில் பாலம் 1914இல் திறந்தது. அதை இந்தக் காற்றிலிருந்து காப்பாற்ற அரிப்போடும் பெயின்ட்டோடும் ஓயாத மல்லுக்கட்டுத்தான். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்ற விசேஷப் பூச்சும் தேவைப்பட்டன. அந்தப் பாலத்தைத் தொட்டு வரும் காற்றுத்தான் எங்கள் கேட்டையும் தொடுகிறது.

முதலில், அன்றைக்கு அறுத்த பூட்டின் இனம். இரும்பு உடம்பு, மேலே பளபளவென்று முலாம். 120 ரூபாய்க்கு எந்தக் கடையிலும் தொங்கும். இதில் குறை முலாமின் மெல்லிசுதான். வளையம் கொண்டியில் உரசுகிற இடத்தில் இரண்டு மாதத்தில் முலாம் தேய்ந்துவிடும். அங்கே புகுந்த துரு முலாமுக்கு அடியிலேயே பரவி, மேல்தோலைக் கொப்புளம்போலத் தூக்கிவிடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற சுருள்கம்பிதான் பெரிய கவலை. குண்டூசி பருமன் கம்பி, பெரும்பாலும் வெறும் எஃகு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எட்டு மாதத்தில் உள்ளே ஊசி நுழைய இடமில்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று அறுத்த பூட்டைப் பிளந்து பார்த்தபோது கண்ணாலேயே கண்டேன். செம்மண்ணைக் கிட்டித்து வைத்ததுபோல இருந்தது. வாங்கும்போது கையில் எடுத்துப் பார்க்கலாம் என்றால், பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒட்டிவைத்திருக்கிறார்கள். பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும். சாவியை இரண்டு முறை திருப்பிப் பார்க்கக்கூட வாங்குகிறவருக்கு வழியில்லை என்பது சரியே இல்லை.

அடுத்தது திண்டுக்கல் பூட்டு. என் மாமனார் காலத்தில் வாங்கியது. நான் கல்யாணமாகி வந்தபோது இதுதான் கேட்டில் தொங்கியது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பூட்டு. சாவி தூக்கிவிடுகிற உள்தகடுகளை, அதாவது லீவர்களை, கையால் அராவி அராவிப் பொருத்துகிறவர்கள் செய்வது. இதுவும் இரும்புதான், இதுவும் துருவேறத்தான் செய்தது. ஆனாலும் ஐந்து வருஷம் என் கண் முன்னால் வேலை செய்தது, அதற்கு முன் எத்தனையோ வருஷம். காரணத்தை ராமநாதபுரத்தில் பூட்டு ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் காட்டினார். லீவர்கள் தடிமன், அவற்றுக்கு நடுவே தாராளமான இடைவெளி. கொஞ்சம் துரு சேர்ந்தாலும் கனத்த சாவி அதைத் தள்ளிக்கொண்டு திரும்பிவிடும். ஒன்று சிக்கிக்கொண்டால் ஆணியைத் தட்டிக் கழற்றி, உள்ளே சுத்தம் செய்து, சுருளை மாற்றி, திரும்ப அடித்துக் கொடுத்துவிடலாம். “இதத் தொறந்து பாக்கலாம்த்தா. இப்ப வர்றத ஒடச்சுத்தான் பாக்கணும்” என்றார். மூன்று முறை அவரிடம் கொண்டுபோயிருக்கிறோம். கேட்டுக்கு இதை இனிப் போடமாட்டேன், வளையம் இளைத்துப்போய்விட்டது. உள்கதவுக்கு இன்றும் அதுதான். உப்புக்காற்று நேரே படாத இடத்தில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. சாவியின் கனம் ஒன்றுதான் சிரமம்; கைப்பையின் அடித்துணி கிழிந்துவிடும்.

பித்தளைப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் கரையோரக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறோம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். செந்துரு அதற்குக் கிடையாது. கறுக்கும், பச்சை பூக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பித்தளைப் பூட்டின் உடம்பு ஆறு வருஷத்துக்குப் பிறகும் திடமாக இருந்தது. ஆனால் அதன் வளையம் இரும்பு, உள்சுருளும் இரும்பு. இரும்பும் பித்தளையும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத்தண்ணீரும் இருந்தால், அந்தக் கூட்டு ஒரு சின்ன பேட்டரிபோல ஆகிவிடும். அதில் கரைந்துபோவது இரும்பின் பக்கம். தனியாக இருந்தால் தேய்வதைவிட வேகமாகவே கரையும். அதனால்தான் பித்தளை உடம்புக்குள் புகும் இடத்தில் வளையத்தின் கழுத்து மட்டும் இளைத்துப் போகிறது. பிறகு தெரிந்துகொண்ட இன்னொன்று: கொண்டிக்கு ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு போட்டிருந்தால், பித்தளைப் பூட்டு உரசும் இடத்தில் அந்தத் துத்தநாகப் பூச்சும் சீக்கிரம் போய்விடும். எங்கள் கொண்டியில் பிறை வடிவத்தில் ஒரு பழுப்புத் தழும்பு இருக்கிறது, அந்தப் பூட்டு விட்டுப்போனது.

இதோடு போலிப் பித்தளையும் உண்டு. இரும்புக்கோ துத்தநாகக் கலவைக்கோ மேலே மஞ்சள் முலாம் பூசியது. கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத் துண்டு ஒன்றை நான் இப்போது பையிலேயே வைத்திருக்கிறேன். பித்தளையில் காந்தம் ஒட்டாது; ஒட்டினால் உள்ளே இரும்பு. துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது, அதற்குக் கைதான் தராசு. ஒரே அளவுள்ள இரண்டு பூட்டை இரண்டு கையில் வைத்துப் பார்த்தால், நிஜப் பித்தளை தெளிவாகக் கனக்கும்.

அதே காந்தத்தை எவர்சில்வர் பூட்டுக்குக் கொண்டுபோனால் பாதி உண்மைதான் சொல்லும். ‘பாருங்க, ஒட்டலை, ஒரிஜினல்’ என்று கடையிலேயே காட்டுவார்கள். நன்றாகக் கவ்விப் பிடித்தால் முலாம் பூசிய இரும்போ மட்ட ரகமோ என்று ஒதுக்கிவிடலாம், அது சரி. ஒட்டாவிட்டால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது; அது எங்கள் காற்றுக்கு ஆறு மாதம் தாங்கினால் பெரிது. பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் உள்ள 304 வீட்டுப் பாத்திரத்துக்கு அருமை. கடலோரத்தில் அதன் மேலும் டீத்தண்ணி தெறித்ததுபோலப் பழுப்புப் புள்ளி விழும். குளோரைடு அதன் மேல்படலத்தைத் துளைத்துவிடுகிறது. இரண்டிலிருந்து மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316தான் கடலுக்கென்று உள்ள ரகம். மண்டபத்தில் விசைப்படகு வேலை பார்க்கும் என் தம்பி, “அக்கா, போல்ட்டு நட்டு வாங்குறப்பவே நாங்க நம்பரக் கேட்டுத்தான் வாங்குவோம், பூட்டுக்கு மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கிறீங்க” என்றான். கேட்டேன். நான்கு கடையில் கேட்டேன். மூன்று கடையில் “எஸ்.எஸ்.தான்க்கா”, அதாவது எவர்சில்வர்தான், என்ற ஒரே பதில். நான்காவது கடைக்காரர் மட்டும் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, “போடலைங்க, எனக்குத் தெரியாது” என்றார். அவரிடம்தான் இப்போது எல்லாச் சாமானும் வாங்குகிறேன்.

நம்பர் பூட்டு ஒரு கச்சானைத் தாண்டவில்லை. உருளைகளுக்கு நடுவே மணலும் உப்பும் சேர்ந்து இறுகிவிட்டது. ரேகை வைத்துத் திறக்கும் பூட்டை வாங்கிய தெருக்காரர் வீட்டில், பேட்டரி தொடும் தகடு பச்சை பூத்துவிட்டது. போதாததற்கு, வலை இழுத்துக் கை காய்த்துப்போன அவர் அப்பாவின் ரேகை அதற்குப் பிடிபடவே இல்லை.

இப்போது எங்கள் கேட்டில் தொங்குவது பித்தளை உடம்பும் 316 வளையமும் உள்ள பூட்டு. தம்பி, படகுச் சாமான் விற்கும் கடையில் வாங்கித் தந்தான்; 780 ரூபாய். இரும்பை இளைக்கவைத்த அந்தச் சண்டை இந்த ஜோடிக்குள் அவ்வளவாக இல்லை. உள்சுருளும் எஃகில்லை, துருவாத உலோகம் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். ஒரு வாடையும் ஒரு கச்சானும் பார்த்துவிட்டது, சாவி இரண்டு விரலுக்குத் திரும்புகிறது. ஒரு குறை சொல்லியாக வேண்டும்: 316ஐ இரும்பு வளையம்போலச் சுட்டுக் கடினமாக்க முடியாது, ஆகவே வெட்டுகிறவனுக்கு இது இலகு. கிட்டங்கிக்கோ நகைக்கடைக்கோ இதைச் சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் பூட்டை வெட்டித் திருடியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை; பூட்டு திறக்காமல் வெளியே நின்றவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். 120 ரூபாய்ப் பூட்டை வருஷத்துக்கு ஒன்றரை வாங்குவதையும் கணக்கில் சேர்த்தால், ஐந்தாவது வருஷத்துக்குள் இது தன் விலையை எடுத்துவிடும்.

எந்தப் பூட்டாக இருந்தாலும் பராமரிப்பில் இரண்டு விஷயத்தை மாற்றிக்கொண்டேன். தேங்காய் எண்ணெயை நிறுத்திவிட்டேன். முதல் வாரம் வழுக்கும், பிறகு மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு களிம்பாகிவிடும். பென்சில் கரியைத் தூவச் சொல்கிறவர்களும் உண்டு. கடலை விட்டுத் தள்ளி உள்ள ஊர்களில் அது நல்ல யோசனைதான். உப்பு ஈரம் படும் இடத்தில் அந்தக் கரியும் உலோகத்தோடு பேட்டரிக் கூட்டுச் சேர்ந்து அரிப்பைத் தூண்டும், அதனால் நமக்கு வேண்டாம். நான் செய்வது, சனிக்கிழமை சாயந்தரம் அரைச் சொம்பு நல்ல தண்ணீரில் பூட்டை அலசி, உதறி, வெயில் படவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. உப்பைக் கழுவாமல் எண்ணெய் விட்டால் உப்பை உள்ளேயே பூட்டிவைத்ததாக ஆகும். காவிரித் தண்ணீர் வரும் நாளைப் பார்த்துக் குடம் பிடிக்கிற ஊரில் பூட்டுக்கு அரைச் சொம்பா என்று மதினி முதலில் கோபித்துக்கொண்டாள். ஆக்சா பிளேடு ராத்திரியை நினைவூட்டினேன், ஒத்துக்கொண்டாள்.

இரண்டாவது, பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டிப் பூட்டின் மேல் மூடியாகத் தொங்கவிடுவது. எங்கள் அப்பத்தா வீட்டில் பூட்டே கிடையாது. படலைக் கயிற்றால் கட்டிவிட்டு மீன் விற்கப் போய்விடுவாள். பிறகு ஓட்டு வீடு கட்டியபோது வந்த முதல் பூட்டுக்கு அவள்தான் இந்த டியூப் தொப்பியைப் போட்டாள். தூவல் நேரே சாவித்துளையில் விழாது, அடிப்பக்கம் திறந்திருப்பதால் ஈரமும் தங்காது.

கீழக்கரையில் வீடு கட்டும் நாத்தனார் நேற்று போன் செய்தாள். பூட்டு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் ஒரே நாளில் வாங்கப் போகிறாளாம், கூட வரச் சொல்கிறாள். காந்தத்தை எடுத்துவைத்துவிட்டேன். கீலுக்கு எந்த ரகம் என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன். கடலுக்குப் போயிருக்கிறான், கரை வந்ததும் சொல்வான்.