ஒரு வயதுக்குள் தாய்ப்பாலா, பசும்பாலா?

“பசும்பால்தான் கெட்டி, பிள்ளை நல்லா தேறும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. 100 மி.லி. பசும்பாலில் புரதம் சுமார் 3.3 கிராம், தாய்ப்பாலில் 1 கிராம்தான். ஆனால் அந்தப் புரதம் கன்றுக்கானது. கன்று இரண்டு மாதத்துக்குள் பிறந்த எடையைப்போல் இரு மடங்காகும். நம் குழந்தைக்கு நாலைந்து மாதம் பிடிக்கும். மிகுதிப் புரதமும் உப்பும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குச் சுமை. பசும்பால் புரதத்தில் 80 சதவீதம் கேசீன் என்ற வகை. வயிற்றில் கெட்டியாகத் திரளும், செரிக்க நேரமாகும். தண்ணீர் கலந்து கொடுத்தால் குழந்தைக்குச் சேரவேண்டிய சக்தியும் குறைந்துவிடும்.

இரும்புச்சத்து இரண்டிலுமே குறைவு. தாய்ப்பாலில் இருப்பது நன்றாக உடலில் சேரும். பசும்பாலோ சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவை உண்டாக்கி, இரத்தசோகையில் கொண்டுபோய் விடும்.

100 மி.லி. தாய்ப்பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 7 கிராம், பசும்பாலில் 5-க்கும் குறைவு. இன்னொரு வகைச் சர்க்கரையும் தாய்ப்பாலில் ஏராளம்; அது குழந்தைக்குச் செரிக்காது, குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனி. பிரசவமானதும் தாய்க்கு முதலில் சுரக்கும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்திருக்கின்றன. தயவுசெய்து அதைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். போதவில்லையென்றால் மருத்துவரிடம் கேட்டுக் கைக்குழந்தைகளுக்கென்றே தயாரிக்கும் பால்பவுடர் கொடுக்கலாம். டம்ளர் பசும்பால் ஒரு வயதுக்குப் பிறகு.